ஐந்தாவதாக ஓடி வந்தவன்

ஓட்டப் போட்டியில் முதலிடம் பெற்ற பிள்ளையை நாம் தோளிலே தூக்கிக் கொண்டாடுகிறோம். பின்னால் வந்த பிள்ளை தன்னைப்பற்றி என்ன எண்ணிக்கொண்டு வீடு திரும்புகிறது என்று சிந்தித்ததுண்டா?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மக்பார்லன்ட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கு வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் மெக்சிக்கோ வழிவந்தவர்கள். பலர் பிறருடைய தோட்டங்களிலே பழம் பறித்துப் பிழைக்கும் கூலிக் குடும்பத்தினர். பள்ளிப் பிள்ளைகளும் பெற்றோருடன் வேலைக்கு இறங்குவது அங்கே வழக்கமாயிருந்தது. பிறர் தாழ்வாகப் பார்க்கும் வேலையைச் செய்யும் பிள்ளை, காலப்போக்கில் தன்னையே தாழ்வாகப் பார்க்கப் பழகிவிடுவது இயல்பு அல்லவா?

1980ஆம் ஆண்டில் ஜிம் வைற் என்னும் ஆசிரியர் அவ்வூர் உயர்தரப் பள்ளியில் நெடுந்தூர ஓட்டக் குழுவொன்றை அமைத்தார். 1987இல் முதன்முதலாக நடைபெற்ற மாநிலப் போட்டியிலேயே அக்குழு தன் பிரிவில் வெற்றி பெற்றது. 2001 வரையில் ஒன்பது தடவை அவ்வெற்றியை ஈட்டியது. 2015இல் இக்கதை திரைப்படமாகவும் வெளிவந்தது.

அப்பிள்ளைகளை நிமிர்ந்து நிற்கச் செய்தது வெற்றிக் கேடயம் மட்டுந்தானா? இந்த ஓட்டத்தின் விதியைக் கவனியுங்கள். ஓர் அணியில் ஏழு பேர் ஓடுவர். முதல் ஐவர் பெற்ற இடங்களைக் கூட்டுவர். குறைந்த தொகை பெற்ற அணியே வெல்லும். முதல்வன் காற்றாய்ப் பறந்தாலும் ஐந்தாமவன் சோர்ந்தால் அணி தோற்கக்கூடும். கணக்கில் சேராத ஆறாமவனும் ஏழாமவனுங்கூட எதிரணியின் ஐவரில் ஒருவனை முந்திவிட்டால், அவ்வணியின் தொகை ஏறும்.

"நான் இல்லாவிட்டால் இவர்களுக்கு ஒரு குறை" என்று உணரும் பிள்ளையிடம் தன்மதிப்பு வேரூன்றுகிறது. "என்னைப்போல் எவருமில்லை" என்று எண்ணுவதோ செருக்கு. அடுத்த தோல்வியிலேயே அது உடைந்துவிடும்.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. அணியிலே இடம் கிடைக்காத பிள்ளையும் உண்டு. மனிதனின் மதிப்பு அவன் கால்களின் வேகத்தில் தங்கியிருப்பதில்லை. விளையாட்டு அம்மதிப்பை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே உள்ளதைப் பிள்ளைக்குக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவே. மைதானம் காட்டத் தவறியதை வீடு காட்டவேண்டும்.

ஆகவே, பிள்ளை விளையாடிவிட்டு வரும்போது "எத்தனையாவதாக வந்தாய்?" என்று கேட்குமுன், "யாரோடு ஓடினாய்?" என்று கேட்டுப் பாருங்கள்.