ஆறு வயதில் உச்சம்

மனித மூளையின் சாம்பல்நிறப் பொருள் தன் முழுப் பருமனை எட்டுவது ஏறக்குறைய ஆறு வயதில். 2022இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வில் இதைப் படித்தேன். லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் 1,23,984 எம்.ஆர்.ஐ. படங்களை ஒன்றுசேர்த்து, கருவின் நான்காம் மாதம் தொடங்கி நூறு வயதுவரை மூளை எப்படி மாறுகிறது என்று வரைந்திருந்தார்கள். நரம்பு செல்கள் செறிந்த சாம்பல்நிறப் பொருளின் கோடு 5.9 வயதில் உச்சியைத் தொடுகிறது. அதன்பின் வாழ்நாள் முழுக்க இறங்குகிறது.

ஒன்றாம் வகுப்பில் சேரும்போதே உச்சம் வந்துவிட்டது. வாய்ப்பாடு மனப்பாடம் செய்தது, சைக்கிள் பழகியது, வேலைக்குப் போனது, பிள்ளை வளர்த்தது எல்லாம் அதற்குப் பிந்தியவை. நாம் அறிவு என்று சொல்லிக்கொள்வதில் பெரும்பகுதி, குறைந்துகொண்டே வரும் சாம்பல்நிறப் பொருளுக்குள் சேர்ந்ததுதான்.

*

குறைவதில் என்ன நடக்கிறது? சிகாகோவில் குழந்தைகளுக்கான நரம்பியல் மருத்துவராக இருந்த பீட்டர் ஹட்டன்லோக்கர், வெவ்வேறு வயதில் இறந்தவர்களின் மூளைத் துணுக்குகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து, செல்களுக்கு இடையிலான இணைப்புகளை எண்ணினார். 1979இல் முடிவை வெளியிட்டார். மூளையின் மேலடுக்கான புறணியில், நெற்றிப் பக்கமாக, ஒன்றிரண்டு வயதுக் குழந்தையிடம் பெரியவர்களைவிட ஐம்பது சதவீதம் அதிக அடர்த்தியாக இணைப்புகள் இருந்தன. நெருக்கமாக முளைத்த கம்புப் பயிரைக் கலைத்துவிட்டால் நின்றது நன்றாகத் தூர்கட்டும். அதுபோலவே புழங்காத இணைப்புகள் விலக, புழங்கியவை உறுதிப்படுகின்றன.

படத்தில் தெரியும் குறைவு முழுவதும் இதனால் வருவதல்ல. செல்களின் நீண்ட இழைகளைச் சுற்றி மையலின் என்ற கொழுப்புறை வளர்கிறது. செய்தி வேகமாகப் போவது அதனால்தான். உறை ஏற ஏற, முன்பு சாம்பலாகத் தெரிந்த ஓரங்கள் வெண்மையாகத் தெரியத் தொடங்குகின்றன. இந்த வெண்பொருள் வளர்ந்து உச்சத்துக்கு வருவது 29 வயதை ஒட்டி. பார்வைக்கும் அசைவுக்கும் உரிய பகுதிகள் முதலில் முதிர்கின்றன. திட்டமிடுவதற்கும் பொறுத்துக்கொள்வதற்கும் உரிய நெற்றிப் பக்கம் கடைசியில். பதினேழு வயதுப் பிள்ளையிடம் கோபப்படும் பெற்றோருக்கு இதைச் சொல்லவேண்டும் என்று தோன்றுகிறது.

*

நரம்பு செல்களுக்கு வயது என்ன? இதற்கான விடை அணுகுண்டிலிருந்து வந்தது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வெட்டவெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14 அளவை ஏற்றிவிட்டன. அவற்றைத் தடைசெய்த 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்த அளவு இறங்கத் தொடங்கியது. காற்றிலிருந்து பயிருக்கும், பயிரிலிருந்து சோற்றுக்கும் வந்த அந்தக் கார்பன் எல்லோர் உடம்பிலும் ஏறியது. ஒரு செல் பிறந்த ஆண்டின் அளவு அதன் டி.என்.ஏ.வில் நிலைத்துவிடுகிறது. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் ஃபிரிசேன் குழுவினர் இதைக்கொண்டு மூளைப் புறணியின் நரம்பு செல்களுக்கு வயது கணித்தார்கள். செல்லின் வயதும் மனிதரின் வயதும் ஒன்றாகவே இருந்தன.

தோல் புதிதாகிறது, ரத்தம் புதிதாகிறது. எண்பது வயதில் ஒரு பெயரைத் தேடும் செல்கள், தாயின் வயிற்றிலேயே உருவானவை. ஊர்களை அழிக்கச் செய்த கருவியின் எச்சம் இதை நமக்குச் சொல்லித்தந்தது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

தாயின் வயிற்றில் நடக்கும் அந்தத் தொடக்கத்தைச் சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் செல் தெரியும் அளவுக்கு நுணுக்கமாகப் படமெடுத்திருக்கிறது. கருவின் நடு மாதங்களைச் சேர்ந்த மூளைகளின் 5,132 சீவல்கள்; 2024இல் யாரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். வாழ்நாள் வரைபடங்களுக்கான ஸ்கேன்களில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எடுத்தவை என்பதால், நம் பக்கத்தில் நடக்கும் இந்த வேலை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

*

உறவில் ஒரு பெரியவர் தடுக்கி விழுந்தபோது தலையை ஸ்கேன் எடுத்தார்கள். அறிக்கையில் 'வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம்' என்றிருந்தது. அதைப் படித்ததிலிருந்து வீட்டார் அவரிடம் பேசும் தொனியே மாறிப்போனது. அவரோ பக்கத்துப் படுக்கைக்காரரிடம், தன் ஊர் ஏரி எந்த ஆண்டு உடைந்தது, தண்ணீர் எந்தத் தெருவரை வந்தது என்று விவரித்துக்கொண்டிருந்தார்.

அறுபதுக்கு மேல் மூளை ஆண்டுக்குச் சுமார் அரை சதவீதம் சுருங்குகிறது. உள்ளிருக்கும் நீர்க்குழிகள் அகல்கின்றன. நெற்றிப் பக்கமும், நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸும் கூடுதலாக இழக்கின்றன. பார்வைப் பகுதி அவ்வளவாக இழப்பதில்லை. இவை சராசரிகள். ஒரே வயதினர் இருவரின் படங்களை அடுத்தடுத்து வைத்தால், இருவருக்கும் இருபது வயது வித்தியாசம் என்று நினைக்கத் தோன்றலாம். சுருக்கம் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒருவருடைய நினைவாற்றல் போய்விட்டது என்று முடிவுகட்டக் கூடாது.

*

1932 ஜூன் 1 அன்று ஸ்காட்லாந்தின் பள்ளிகளில் 1921இல் பிறந்த 87,498 பிள்ளைகள் ஒரே அறிவுத்திறன் தேர்வை எழுதினார்கள். 1947இல், 1936இல் பிறந்தவர்களுக்கும் அப்படியே நடந்தது. பிறகு அந்தத் தாள்களை எல்லோரும் மறந்துபோனார்கள். பல ஆண்டுகள் கழித்து உளவியலாளர் இயன் டியரியும் உடனிருந்தவர்களும் அவற்றைத் தேடியெடுத்து, உயிரோடிருந்தவர்களை அழைத்து மறுபடி அதே தேர்வை எழுதவைத்தார்கள். எடின்பரோவில் 1936ஆம் ஆண்டுக்காரர்களை 73 வயதில் ஸ்கேனும் எடுத்தார்கள்.

எழுபதைக் கடந்தும் நன்றாகச் சிந்திப்பவர்களுக்குப் புறணி தடித்திருந்தது. முதுமையில் காப்பாற்றிவைத்ததன் பலன் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்தத் தொடர்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், பதினொரு வயதில் வாங்கிய மதிப்பெண்ணோடு போய்ச்சேர்ந்தது. முதுமையின் படத்தில் நாம் பார்ப்பதில் பாதிக்கதை பள்ளிக்கூடக் காலத்துக்குரியது.

மீதியை வாழ்க்கை எழுதுகிறது. அதே குழுவில் புகைத்தவர்களின் புறணி மெலிந்திருந்தது. விட்டு ஆண்டுகள் பல ஆனவர்களிடம் ஓரளவு தேறிய அடையாளம் இருந்தது. வெண்பொருளின் தரம் குறைந்தவர்கள் எதையும் மெதுவாகவே செய்தார்கள். சொல்வளமோ முதுமையிலும் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. சொல் இருக்கிறது, வந்துசேரத் தாமதமாகிறது.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டுப் பெரியவர் ஒரு பெயரைத் தேடித் தயங்கும்போது நீங்கள் எடுத்துக்கொடுக்க அவசரப்படாதீர்கள். காது மந்தமும் மறதிபோலத் தோன்றலாம்; அவருக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று இந்த மாதமே பரிசோதித்துவிடுங்கள். நாற்பதைத் தாண்டிய நீங்கள் உங்கள் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அது ஏறியிருந்தால் வெண்பொருளின் நுண் ரத்தக்குழாய்களைப் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் கெடுக்கிறது. மாத்திரையால் கட்டுக்குள் வைக்கவும் முடிகிறது.