துக்க வீட்டில் பாடலாமா?



தகப்பனோ தாயோ கண்மூடிய வீட்டில் வானொலி பேசாது. பாட்டுச் சத்தம் கேளாது. முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை பிள்ளைகள் ஒரு கதைப்புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். இது இறந்தவருக்கு நாம் செலுத்தும் மரியாதை. அதை நாம் குறைகூறவில்லை. ஆனால் அதே வீட்டிலே ஒரு மகள், எல்லாரும் உறங்கியபின், தாய் பாடிவந்த மாதா பாட்டொன்றை மெல்ல முணுமுணுக்கிறாள். மனப்பாரம் சற்றுக் குறைகிறது. உடனே, “அம்மா போய்ப் பத்து நாளாகவில்லை, எனக்கென்ன பாட்டு?” என்று தன்னையே கடிந்துகொள்கிறாள். அவள் செய்தது குற்றமா?

இதே கேள்வி ஒரு பெரிய புனிதருக்கும் இருந்தது. கி.பி. 387ஆம் ஆண்டில், உரோமைக்கு அருகிலுள்ள ஓஸ்தியாத் துறைமுகத்தில், புனித மோனிக்கம்மாள் தமது 56ஆம் வயதில் இறந்தார். அவர் மகன் அகுஸ்தீனாருக்கு அப்போது 33 வயது. பாட்டியின் உயிர் பிரிந்த வேளையில் பேரப்பிள்ளை ஓவென்று கதறினான். சுற்றி நின்றவர்கள் அவனை அடக்கினார்கள். அவ்வேளை எவோதியுஸ் என்ற நண்பர் திருப்பாடல் புத்தகத்தை எடுத்து, இரக்கத்தையும் நீதியையும் புகழும் 101ஆம் பாடலைப் பாடத் தொடங்கினார். வீட்டார் அனைவரும் பதிற்பாட்டுப் பாடினார்கள். துக்க வீட்டில் அன்று எழுந்த முதல் ஆறுதல் வாசிப்பும் பாட்டுமே.

அகுஸ்தீனாரோ அழவில்லை. விசுவாசிக்கு அழுகை தகாது என்று எண்ணி, கண்ணீரை உள்ளேயே அடக்கினார். அடக்கத்தின்போதும் அழவில்லை. குளித்தால் மனப்பாரம் நீங்கும் என்று கேள்விப்பட்டுக் குளித்தார், நீங்கவில்லை. பின்பு உறங்கி எழுந்து படுக்கையில் தனியே கிடந்தபோது, மிலான் நகர ஆயர் புனித அம்புறோஸ் இயற்றிய மாலைப் பாடல் நினைவுக்கு வந்தது. தாயும் மகனும் அந்த ஆயரின் கோவிலிலே செபித்தவர்கள். அப்பாடலின் வரிகளை நினைக்க நினைக்க, தாயின் நினைவும் திரும்பி வந்தது. அடக்கி வைத்த கண்ணீரும் பெருகியது. அந்தக் கண்ணீரிலேதான் தம் இருதயம் இளைப்பாறியது என்று தமது ஒப்புதல் நூலின் ஒன்பதாம் புத்தகத்திலே அவரே எழுதிவைத்திருக்கிறார்.

பிரியமானவர்களே, இங்கே கவனியுங்கள். பாட்டு அவருடைய துக்கத்தை மறக்கச் செய்யவில்லை. துக்கம் வெளியே வருவதற்கு வழி திறந்துவிட்டது. துக்கத்தை மறக்கப் பாடுவது ஒன்று. துக்கத்தைக் கடவுளிடம் கொண்டுபோகப் பாடுவது வேறொன்று. நம் யேசுநாதரும் இராப்போசனத்தின்பின், பாடுகளுக்கு முந்திய அந்த இரவிலே, சீஷர்களோடு புகழ்ப்பாடல் பாடிவிட்டே ஒலிவமலைக்குப் போனார். நண்பர் லாசருவின் கல்லறையருகே கண்ணீர் விட்டவரும் அவரே.

நம் முன்னோர் இதை நன்றாய் அறிந்திருந்தார்கள். 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்திலே இராகத்தோடு வாசிப்பது நம் வழக்கம். அந்தத் துயரத்தைக் கேட்டு அழுதவர்கள், தங்கள் சொந்தத் துயரத்தையும் அங்கேயே அழுது இறக்கிவைத்தார்கள். அங்கே வாசிப்பும் இசையும் செபமும் ஒன்றாயின.

ஆனால் வன்னியிலே இதைவிடக் கடினமான துக்கம் ஒன்றுண்டு. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலிருந்து வந்த சனங்களிற் பெருந்தொகையானோர் ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடந்தே முகாம்களுக்குப் போனார்கள். அங்கே பிரித்தெடுக்கப்பட்ட தகப்பனை அதன்பின் காணாத பிள்ளைகள் இருக்கிறார்கள். 2011இல் புகையிரதம் மீண்டும் ஓமந்தைக்கு வந்தது. 2015இல் சாவடியும் எடுக்கப்பட்டது. அந்தப் பிள்ளைகளுக்கோ கல்லறையும் இல்லை, முப்பத்தோராம் நாளும் இல்லை. 2017 தொடக்கம் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் படங்களை ஏந்தி வீதியோரத்தில் இருந்த உறவுகளை நாம் அறிவோம்.

இவர்களிடம் “மறந்துவிடுங்கள்” என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. வேதாகமமும் அப்படிச் சொல்லவில்லை. 13ஆம் திருப்பாடல் எத்தனை காலத்துக்கு என்று ஆண்டவரையே கேட்கிறது. 88ஆம் திருப்பாடல் இருளிலேயே முடிகிறது. முடிவிலே ஆறுதல் வார்த்தை ஒன்றுமில்லை. அப்படியிருந்தும் திருச்சபை அதை நீக்கிவிடாமல், வெள்ளிக்கிழமை தோறும் இராச் செபத்திலே சொல்லிவருகிறது. பதில் கிடையாத துக்கத்துக்கும் தேவசமுகத்தில் இடமுண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? தகப்பன் உயிரோடிருக்கிறாரோ இல்லையோ என்று அறியாத பிள்ளை, அவர் வரவேண்டும் என்றும் மன்றாடலாம். அவர் ஆன்மா இளைப்பாற வேண்டும் என்றும் மன்றாடலாம். இரண்டும் கேட்கிறவர் ஆண்டவர் ஒருவரே.

ஆகையால் பெற்றோரை இழந்த பிள்ளைகளே, மாலைச் செபமாலை முடிந்தபின் அப்பாவோ அம்மாவோ விரும்பிய பாட்டு ஒன்றைப் பாடுங்கள். அவர்களுடைய செபப்புத்தகம் மிஞ்சியிருந்தால், அவர்கள் மடித்துவைத்த பக்கத்தை ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள். இடப்பெயர்விலே புத்தகமும் படமும் போய்விட்டனவா? அகுஸ்தீனாரின் படுக்கையருகேயும் அன்று புத்தகம் இருந்ததாகச் சொல்லப்படவில்லை. பாட்டு மனத்திலே இருந்தது. குரல் தழுதழுத்து நின்றால் நிற்கட்டும். பக்கத்தில் இருப்பவர் தொடருவார். எவோதியுஸ் தொடங்கினார், வீடே பதில் பாடியது. தனியே புத்தகத்துக்குள் ஒளிந்துகொள்வதைவிட இது நல்லது.

பெரியவர்களே, அந்த மகள் முணுமுணுக்கும்போது அவளை அதட்டாதீர்கள். கூட இருந்து பாடுங்கள்.

கண்ணீர் விட்ட யேசுவே, எங்கள் அப்பாமாரையும் அம்மாமாரையும் உம் சமுகத்தில் வைக்கிறோம். நாங்கள் பாட முடியாத நாட்களில் எங்கள் மௌனத்தையும் செபமாய் ஏற்றருளும். ஆமென்.