குடமும் குயவனும்: சமயத் தத்துவத்தின் வினா

மதுரையினின்று கயத்தாறு வழியாகத் திருநெல்வேலி அடைந்து, பொருநைக்கரை நவதிருப்பதிகளைச் சேவிக்கும் அடியார்க்கு ஆழ்வார்திருநகரி தனிச் சிறப்புடைய தலம். அங்கே அவதரித்த நம்மாழ்வாரின் திருவாய்மொழியை அணுகும் நெறிகள் மூன்று. ஆழ்வாரின் காலம் எது, பாசுரங்கள் கோயில் வழிபாட்டில் இடம்பெற்றது எவ்வாறு என ஆராய்வது சமய வரலாறு. பாசுரங்களைப் பிரமாணமாகக் கொண்டு உட்பொருளை விரிப்பது சம்பிரதாய வியாக்கியானம். நம்பிள்ளையின் ஈடு அதன் சிகரம். 'இறைவன் உளன் என்பதற்கு ஆதாரம் யாது? அவ்வாதாரம் நிலைக்குமா?' என வினவுவது சமயத் தத்துவம்.

இவ்வினா நாத்திகர்க்கே உரியது என்பர் சிலர். அது பொருந்தாது என்பதற்கு ஸ்ரீபாஷ்யமே சான்று.

குடம் இருப்பின் அதனை வனைந்த குயவன் இருத்தல் வேண்டும். அங்ஙனமே உலகுக்கும் ஒரு கர்த்தா வேண்டும் என்பது நியாய மதத்தினர் அனுமானம். உதயனரின் நியாய குஸுமாஞ்சலி இத்தகைய வாதங்களால் ஈசுவரனை நிலைநாட்ட முயல்வது. பிரம்மசூத்திரத்தின் மூன்றாம் சூத்திர உரையில் பகவத் ராமாநுஜர் இவ்வனுமானத்தை மறுக்கிறார். உலகம் முழுவதும் ஒரே காலத்தில் ஒருவனாலேயே ஆக்கப்பட்டது என்பதற்கு அனுமானத்தில் ஆதாரமில்லை. மேலும், கண்கூடாகக் காணும் கர்த்தாக்கள் உடலும் வரம்புடைய ஆற்றலும் உடையவர்களே.

இக்கருத்தைக் கரிசல் நிலத்துக் கண்மாயில் வைத்துக் காணலாம். ஒருவர் கரை எழுப்புவார். மற்றொருவர் மடை அமைப்பார். பின்வருவோர் தூர் வாருவர். கண்மாயைக் கண்ட அளவில் அதனைச் செய்தவன் ஒருவனே எனத் துணியலாகாது. மேனாட்டு அறிஞர் டேவிட் ஹியூம், 1779இல் வெளிவந்த நூலில், பலர் கூடிக் கட்டும் கப்பலைக் காட்டி இதனையே வினவினார். ஹியூம் ஐயத்தில் நின்றார். உடையவரோ, பரம்பொருளை அறிவிப்பது சாஸ்திரமே என முடித்தார்.

சாஸ்திரத்தை நம்புவது ஏன் என்னும் வினா அடுத்து எழும். வேதம் எவராலும் இயற்றப்படாதது, ஆதலின் கர்த்தாவின் குற்றம் அதனைச் சாராது என்பது வேதாந்திகள் விடை. அவ்விடையையும் சீர்தூக்குவதே சமயத் தத்துவத்தின் பணி.

தம் நம்பிக்கைக்குத் துணையாக வந்த வாதமேயாயினும், பிழையுடையதெனக் கண்டபோது உடையவர் அதனைத் தள்ளினார்; அதனால் அவர் பக்தி குன்றவில்லை. ஆதலின் சந்நிதியில் நிற்கும் அடியார் உள்ளத்தில் ஐயம் எழுமாயின், அதனை அபசாரமென அஞ்ச வேண்டுவதில்லை. நேர்மையுடன் எழும் வினாவும் எம்பெருமான் திருவடியில் வைக்கத் தக்கதே.