மோட்டார் கொட்டகையும் மனிதன் மதிப்பும்

பாகான் டாலாம் வீதிகளில் மாலை வேளையில் நடந்து செல்வோர் இக்காட்சியைக் கண்டிருப்பர். வரிசை வீடொன்றின் முன்கூரையின் கீழ்ப் பழைய மோட்டார் ஒன்று நிற்கும். அதனருகே, சட்டையெல்லாம் எண்ணெய்க் கறையோடு ஒருவர் முழந்தாளிட்டிருப்பார். கடைக்கும் வேலைக்கும் போக அவரிடம் வேறு வண்டி உண்டு; இது வைத்துப் போற்றுவதற்கு மட்டுமே. காசுக்கும் காலத்திற்கும் கேடு என்று அண்டை வீட்டார் நகைப்பர். நாமும் ஒரு காலத்தில் நகைத்ததுண்டு.

ஆயினும், நம்மவர்க்கு இவ்விஷயம் காசுக் கணக்கோடு முடிவதன்று. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு வேறொன்றும் கேட்டனர். துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டுமென்பதே அது. உட்கார்ந்தபடியே ஒரு மனிதனைக் கடந்து போகும் உரிமை! அதைக் கேட்ட கிளர்ச்சியில் தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர் சிலர் துப்பாக்கிக்கு இரையாயினர்.

சைக்கிளுக்கே இந்தப் பாடென்றால், மோட்டாரைப் பற்றிச் சொல்வானேன்? அத்தகையோர் வழிவந்த ஒருவர் இன்று தம் வாசலில் ஒரு மாரிஸ் மைனரைத் துடைத்துக்கொண்டிருந்தால், அதை ஆடம்பரம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

துறைமுகத்தில் உழைத்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரிடம் அவ்வண்டி உள்ளது. முன்னெல்லாம் அதைப் படகிலேற்றித் தீவுக்குக் கொண்டுபோவார். நாலு சக்கர வண்டிகளைப் படகில் ஏற்றுவது 2021 தொடக்கத்தோடு நின்றது; இனிப் பாலமே வழி. ஒரு நாள் முற்பகல் முழுதும் அவர் கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, நுண்துளைகளை ஊதிப் பூட்டுவதைப் பார்த்திருந்தோம். பெட்ரோல் மிகுந்தால் கரும்புகை, காற்று மிகுந்தால் இருமல். திருகாணியைக் கால் சுற்றுத் திருப்புவார், காது கொடுத்துக் கேட்பார், மீண்டும் திருப்புவார். நாற்பதாண்டு பிறர் ஏவலுக்கு இரும்பைத் தொட்ட கை, தன் விருப்பத்திற்கு அதைத் தொடும்போது அடையும் அமைதியை அன்றே கண்டோம்.

நிற்க. துரையின் மோட்டார் நம் வாசலுக்கு வந்தது சரி. அதனோடு துரையும் வந்து இறங்கிவிட்டாரா என்பதே நமது கேள்வி. சாய்ந்து நின்ற பிள்ளையின் முதுகில் அறை விழும் வீடுகளை நாம் அறிவோம். வண்டிக்கு இடம் போதாதென்று பொதுப்பாதையை அடைத்துக்கொள்வாரும், கழிவெண்ணெயைச் சாக்கடையில் கவிழ்ப்பாரும் உண்டு. நள்ளிரவில் அண்டை வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டபோதும், மழையில் சேறு படுமென்று சாவியைத் தராத ஒருவரை நாம் கண்டதுண்டு. சைக்கிளைவிட்டு இறங்கு என்ற பழைய உத்தரவு அவ்வீட்டு வாசலில் இன்னும் நடக்கிறது.

இதை நண்பரிடம் சொன்னோம். அவர் விடை கூறவில்லை. பள்ளிவிட்டு வந்த பேத்தியை அழைத்து, துடைத்து வைத்திருந்த ஸ்பார்க் பிளக்கை அவள் கையில் கொடுத்தார்.

“முதலில் விரலாலே திருகம்மா. மரை தானாகப் பிடிக்க வேண்டும். ஸ்பானரை அப்புறம் எடுக்கலாம்.”

அவள் நாவைக் கடித்துக்கொண்டு திருகினாள். பள்ளிச் சீருடையில் கிரீஸ் பட்டதைக் கண்ட பாட்டியின் வசவு அடுக்களையிலிருந்து கேட்டது.