கம்பிக் கீறல்

காராமணி முளைத்து நாலு இலை விட்டிருந்தது. ஒரு நாள் விடிந்ததும் போய்ப் பார்த்தால் ஒரு சால் முழுக்க இலையைக் காணோம். தண்டு மட்டும் நிற்கிறது. பிளேடால் சாய்த்து அறுத்த மாதிரி ஒவ்வொன்றிலும் ஒரே வெட்டு. ஆடு வாய் வைத்திருந்தால் பிய்த்து இழுத்திருக்கும், பாதிச் செடி வேரோடு வந்திருக்கும். பக்கத்தில் உருண்டை உருண்டையாகப் புழுக்கை, வைக்கோல் நிறத்தில். முயல்தான்.

ஆம்பூரை அடுத்து நாயக்கனேரி மலையடிவாரத்தில் எனக்கு இருப்பது 30 சென்ட். அதில் காய்கறிக்கு ஒதுக்கியது 5 சென்ட். பக்கத்து நிலத்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, "இதுக்குப் போயி இன்னாத்துக்குண்ணே யோசன? ரெண்டு கண்ணி வெச்சி உடுங்க. காலைல கொழம்பு" என்றார். அவர் மல்லாட்டை போடுகிறவர். காட்டுப்பன்றி இறங்கினால் ஒரே ராத்திரியில் கொல்லையை உழுதுபோட்டுவிடும் என்பதால், முயலை அவர் தொல்லைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் போய் முயல் தொல்லை என்று சொன்னால் இன்னும் சிரிப்பார்கள். எல்லைக்கு அந்தப்புறம் ஆந்திராவின் கவுண்டின்யா சரணாலயத்திலிருந்து அவர்கள் தோப்புக்கு வருவது யானை.

கண்ணி வைக்க எனக்கு மனம் வரவில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முயலைப் பிடிப்பதே வேட்டைதான். கொன்றால்தான் குற்றம் என்றில்லை. ஆனால் சட்டத்துக்குப் பயந்து வேண்டாமென்றேன் என்று சொன்னால் அது பொய். காரணம் நான் 31 வருஷம் பார்த்த வேலை. டேனரியில் தோல் தரம் பிரிக்கிற மேசை.

மயிர் போய், சுண்ணாம்பு போய், குரோம் ஏறி, வெட் புளூ என்கிற ஈரமான நீலத் தோலாக மேசைக்கு வரும்போது தோல் எதையும் மறைக்காது. உயிரோடு இருந்தபோது மயிருக்குள் ஒளிந்திருந்ததெல்லாம் மேலே வந்துவிடும். உண்ணி கடித்த புள்ளிகள், அம்மைத் தழும்பு, சூடு போட்ட இடம், தார்க்குச்சி குத்திய வடு. இவற்றோடு நீளநீளமாகச் சில கோடுகள். முள் கிழித்தது மெல்லியதாக, கொஞ்சம் கோணலாகப் போகும். முள்கம்பி கிழித்தது ஆழமாக, நேராக இழுத்துக்கொண்டு போகும். மாடு தலையை உள்ளே விட்டு, மாட்டிக்கொண்டு, உதறி வெளியே வந்திருக்கிறது என்பது அந்த ஒரு கோட்டில் தெரியும். கம்பிக் கீறல் விழுந்தால் ஷூவின் முன்பக்கத்துக்கு அந்த இடம் ஆகாது. ஒரு தரம் கீழே இறக்கி அடுக்குவேன். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில். வலி என்று நினைத்ததில்லை. டிஃபெக்ட் என்றுதான் எழுதினேன்.

அதனால் முள்கம்பி வேண்டாம் என்பது முதலிலேயே முடிவாகிவிட்டது. மின்வேலி என்று ஒருவர் சொன்னார். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கத்தில் திருட்டு மின்சாரம் பாய்ச்சிய கம்பியில் மூன்று யானைகள் செத்து, இரண்டு குட்டிகள் அங்கேயே நின்றதை டிவியில் பார்த்தவன் நான். கம்பிக்கு யார் வருகிறார்கள் என்று தெரியாது.

வீட்டுக்காரியின் பழைய சேலைகளைக் கொல்லையைச் சுற்றிக் கட்டினேன். நம் பக்கம் எல்லோரும் பன்றிக்குச் செய்வதுதான். இரண்டு நாள் முயல் வரவில்லை. மூன்றாம் நாள் சேலைக்கு அடியில் நுழைந்து முள்ளங்கி இலையைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. சலூனிலிருந்து தலைமுடி வாங்கி வந்து தூவினேன். மழை வந்து அது மண்ணோடு போனது.

பிறகுதான் அந்தத் தப்பைச் செய்தேன். மலிவாகக் கிடைத்தது என்று பழைய நைலான் மீன்வலையை வாங்கி நாலு பக்கமும் கட்டினேன். இது யாரையும் குத்தாது, கிழிக்காது, சுடாது என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. நாலாம் நாள் காலை வலையின் தென்மூலையில் ஒரு சாரைப்பாம்பு கிடந்தது. ஐந்தடிக்கு மேல் இருக்கும். எலியைத் துரத்தி வந்து தலையை விட்டிருக்கிறது. முன்னே போகப் போக வலையின் நரம்பு இறுகும், பின்னே வரப் பார்த்தால் செதில் தடுக்கும். பாம்பால் அப்படி வெளியே வர முடியாது. உயிர் இருந்தது. ஈரச் சாக்கைப் போட்டுத் தலையை மூடிவிட்டு, நகம் வெட்டுகிற கத்தரியால் ஒவ்வொரு நரம்பாக அறுத்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. கடைசி மூன்று நரம்புகள் தோலுக்குள் போயிருந்தன. விடுவித்ததும் அது ஓடவில்லை. கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டு மெதுவாக வரப்பைத் தாண்டிப் போனது. உடம்பைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடு. என் கண் தன்னால் தரம் பிரித்தது: ரிஜெக்ட். 1970களில் தடை வரும்வரை பாம்புத் தோலும் இந்த நாட்டிலிருந்து கப்பலேறிய சரக்குதான்.

அன்று சாயங்காலம் வலையை அவிழ்த்தேன். பிழைத்ததா அந்தச் சாரை, தெரியாது.

அதற்கப்புறம்தான் முயலைப் பற்றியே யோசித்தேன். நம் காட்டு முயலும், கூண்டில் வைத்து வளர்க்கிறோமே அந்த வெள்ளை முயலும் வேறு வேறு இனம். வளர்ப்பு முயலின் முன்னோர் ஐரோப்பாவில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்தவை. குட்டி கண் திறக்காமல் மயிரில்லாமல் பிறக்கும். நம் முயல் வளை தோண்டாது. புல்லை அமுக்கி ஒரு பள்ளம் செய்து அதில் பகலெல்லாம் அசையாமல் கிடக்கும். குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். தாய் அதைப் புல்லில் விட்டுவிட்டு எட்டப் போய்விடும், இருட்டின பிறகு வந்து பால் கொடுக்கும். அனாதை என்று நினைத்து அந்தக் குட்டியைத் தூக்கி வருகிறவர்கள்தான் அதை அனாதையாக்குகிறார்கள். முயலைக் கூண்டு வைத்துப் பிடித்து மலைமேல் விடச் சொன்ன நண்பரிடமும் இதையே சொன்னேன்: பிடித்தது தாயாக இருந்தால்?

வளை தோண்டாத பிராணிக்கு ஆழமாகப் புதைத்த வேலி எதற்கு? ஹார்டுவேர் கடையில் ஒரு அங்குலக் கண் உள்ள கோழிவலை வாங்கினேன், மூன்றடி உயரம். நரம்பு மாதிரி இறுகாது, விறைப்பாக நிற்கும். ஆறடிக்கு ஒரு சவுக்குக் குச்சி. அடிப்பக்கம் அரை அடியை வெளிப்புறமாக மடக்கி, மேலே கல் வைத்தேன். மூக்கால் முட்டி நுழையப் பார்த்தால் அது நிற்கிற இடமே வலையாக இருக்கும். அறுத்த கம்பி முனைகளையெல்லாம் குறடால் மடக்கினேன். கடைசியில் உள்ளங்கையை வைத்து நாலு பக்கமும் தடவிக்கொண்டே நடந்தேன், மேசைமேல் தோலைத் தடவுகிற மாதிரி. இரண்டு இடத்தில் கை கிழிந்தது. அந்த முனைகளையும் மடக்கினேன்.

முள்ளுக்கத்தரிக்கு மட்டும் வலை கட்டவில்லை. 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம வேலூர் முள்ளுக்கத்தரிதான். இலையில் முள், காம்பில் முள். வளர்ந்த செடியை முயல் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வாரம் ஒரு கூடை.

இந்த வேலிக் கதையைக் கேட்ட என் பழைய கூட்டாளி பாய் சிரித்துவிட்டார். "தெனமும் ஆட்டுத்தோல் அடுக்குனவரு, ஞாயித்துக்கெழம பிரியாணி சாப்புடறவரு, முயலுக்கு அழுவுறீங்களா?" நியாயமான கேள்வி. நான் அழவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு அந்த முயலிடம் தனிப்பாசம் எதுவும் கிடையாது. அதற்கென்று வெளியே ஒரு சால் காராமணி விடச் சொன்னபோதும் விடவில்லை. மலையில் புல் இருக்கிறது. ஆனால் இரண்டு நாள் வேலையில் தீர்கிற விஷயத்துக்கு ஒரு பிராணியைக் கண்ணியில் விடிய விடியத் துடிக்க விடுவது, அந்த இரண்டு நாளை மிச்சம் பிடிக்கத்தானே? நான் பார்த்த கொடுமைகளில் பாதிக்கு மேல் வெறுப்பால் நடந்ததில்லை. வேலை மிச்சம், செலவு மிச்சம்.

இந்த ஊர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டாம். கழிவுநீரைச் சுத்தம் செய்யச் செலவாகும், பாலாற்றில் விட்டால் செலவில்லை. 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தில் அடக்கம் என்று அறிவித்தது. அப்போது நானும் மேசையில்தான் நின்றிருந்தேன். எங்கள் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக அந்த நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. இதையெல்லாம் சொன்னபோது பாய் பதில் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு, "கோழிவல எங்க வாங்குனீங்க?" என்று கேட்டார்.

கட்டி எட்டு மாதம் ஆகிறது. முயல் இன்னும் வருகிறது. வலைக்கு வெளியே புழுக்கை கிடக்கிறது. உள்ளே காராமணி காய்த்து இரண்டு தடவை பறித்தாயிற்று. வாரம் ஒரு தடவை சுற்றி நடந்து கல் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். உங்கள் தோட்டத்தைச் சுற்றி நைலான் வலை கட்டியிருந்தால், தயவுசெய்து இருட்டுவதற்குள் அதை அவிழ்த்துவிடுங்கள்.