அழைக்கப் போனவர் அமரும் நேரம்

தீன் பணிக்காகக் கடல் கடந்து செல்கிறவர்கள் நம் சமுதாயத்தில் என்றும் உண்டு. ஜமாஅத்தில் நாட்களைக் கொடுத்துப் புறப்படுகிறவர்கள், வெளிநாட்டுப் பள்ளிவாசல்களில் இமாமாகவும் மதரஸாக்களில் உஸ்தாதாகவும் இருப்பவர்கள், ரமலானில் பயான் செய்ய அழைக்கப்படும் ஆலிம்கள் எனப் பல வகையினர். இவர்களைப் பற்றி ஒரு கேள்வியை இங்கே சிந்திக்க விரும்புகிறோம்.

போன இடத்தில் வேலை குவிந்து கிடக்கிறது. தொழுகை அறியாத பெரியவர் இருக்கிறார்; ஓதத் தெரியாத பிள்ளை இருக்கிறது. இந்நிலையில் ஒருவர் வேலையைச் சற்று நிறுத்திவிட்டுத் தனியே அமர்ந்து, ‘என் ஈமான் எப்படி இருக்கிறது? நான் எதற்காக இங்கே வந்தேன்?’ என்று தம்மையே கேட்டுக்கொண்டிருப்பது முறையாகுமா? பிறருக்குச் சேரவேண்டிய நேரத்தைத் தமக்கென எடுத்துக்கொண்டதாக ஆகாதா?

இது தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று. பணிக்காகக் கொடுக்கப்பட்ட நேரம் ஓர் அமானிதம். அமானிதத்தில் கை வைப்பவன் அல்லாஹ்விடம் பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே, பெருமானார் (ஸல்) அவர்களே தம் கையால் அனுப்பிவைத்த ஒரு தோழரின் வாழ்வில் இதற்கு விடை தேடுவோம்.

முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்கள் மதீனத்து அன்ஸாரி. யாரிடமிருந்து குர்ஆனைக் கற்றுக்கொள்ள வேண்டுமென நாயகம் (ஸல்) அவர்கள் நால்வரைக் குறிப்பிட்டார்களோ, அந்நால்வரில் ஒருவர். அவர்களையும் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களையும் அண்ணலார் யமன் நாட்டிற்கு அனுப்பினார்கள். ஆளுக்கொரு பகுதி ஒப்படைக்கப்பட்டது. மக்களுக்கு எளிதாக்குங்கள், கடினமாக்காதீர்கள். நற்செய்தி கூறுங்கள், வெறுப்பூட்டாதீர்கள். இருவரும் ஒத்துப்போங்கள் என்பது இருவருக்கும் சொல்லப்பட்ட புத்திமதி.

முஆத் (ரலி) அவர்களுக்கென்று தனியாகவும் சில கட்டளைகள் இருந்தன. முதலில் கலிமாவின் பக்கம் அழைக்க வேண்டும். அதை ஏற்றால் ஐவேளைத் தொழுகையை அறிவிக்க வேண்டும். அதையும் ஏற்றால், செல்வர்களிடம் பெற்று ஏழைகளுக்குக் கொடுக்கப்படும் ஜகாத்தை அறிவிக்க வேண்டும். இத்துடன் நாயகம் (ஸல்) அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. ஜகாத் வாங்கும்போது மக்களின் பொருள்களில் மிக உயர்ந்தவற்றைப் பொறுக்கி எடுக்காதீர் என்றும், அநியாயம் செய்யப்பட்டவனின் துஆவுக்கு அஞ்சிக்கொள்ளும், அதற்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரையில்லை என்றும் எச்சரித்தார்கள்.

இந்தக் கடைசி இரண்டையும் சற்றுக் கவனியுங்கள். முன்னவை யமன் மக்களுக்குச் சேரவேண்டியவை. இவ்விரண்டோ அவற்றைக் கொண்டுபோகிறவரை நோக்கியவை. அனுப்பப்பட்டவருக்கு ஒரு மரியாதை கிடைக்கிறது. அவர் சொல்லுக்கு ஓர் அதிகாரம் வந்துவிடுகிறது. அந்த மரியாதையால் அவர் கையே தவறிவிடலாம். எனவே ஊரைத் திருத்தச் சென்றவர் தம்மையும் கவனித்துக்கொள்வது அவருக்கு இடப்பட்ட கட்டளையிலேயே அடங்கியிருக்கிறது. அதற்கு ஒதுக்கும் நேரம் பணியிலிருந்து திருடிய நேரமன்று; பணியின் ஒரு பகுதிதான்.

யமனில் நடந்த மற்றொரு செய்தி ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. இரு தோழர்களும் தத்தம் பகுதியில் சுற்றி வரும்போது, எல்லை அருகே வந்தால் ஒருவரையொருவர் சந்தித்து ஸலாம் சொல்லிக்கொள்வார்கள். அப்படி ஒரு சந்திப்பில் அவர்களுக்குள் எழுந்த கேள்வி என்ன தெரியுமா? நீர் குர்ஆனை எப்படி ஓதி வருகிறீர் என்பதுதான்! அபூமூஸா (ரலி) அவர்கள், இரவிலும் பகலிலும் சிறிது சிறிதாக ஓதி வருவதாகச் சொன்னார்கள். முஆத் (ரலி) அவர்களோ, இரவின் முற்பகுதியில் உறங்கி, பின் எழுந்து, அல்லாஹ் தமக்கு விதித்த அளவு ஓதுவதாகவும், நின்று வணங்குவதற்கு எவ்வாறு கூலியை எதிர்பார்க்கிறார்களோ அவ்வாறே தம் உறக்கத்திற்கும் எதிர்பார்ப்பதாகவும் சொன்னார்கள்.

அந்நிய மண்ணில் பெரும் பொறுப்பைச் சுமந்து நின்ற இருவர் ஒருவர் மற்றவரின் உள்ளத்தின் நலத்தை விசாரித்துக்கொண்டார்கள். இன்று அதே நிலையில் இருவர் சந்தித்தால் என்ன பேச்சு நடக்கிறது? எத்தனை ஊர் ஆயிற்று, எத்தனை பேர் கூடினார்கள், எவ்வளவு வசூலாயிற்று என்பதே பேச்சு. கூட்டத்தைக் கைபேசியில் படமெடுத்து அன்றிரவே ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். இவையெல்லாம் கூடாதவை என்று நாம் சொல்ல வரவில்லை. கணக்கு வேண்டியதுதான். ஆனால், இரவில் எழுந்து எவ்வளவு ஓதினீர் என்று கேட்க ஆளில்லாமல் போய்விட்டதே, அதுதான் நம் கவலை.

‘முஆத் (ரலி) போன்றவர்களுக்கு ஈமானில் என்ன குறை? அவர்களுக்கே இது தேவைப்படுமா?’ எனச் சிலர் கேட்கலாம். அவர்களே தம் தோழர் ஒருவரை அழைத்து, எங்களோடு அமரும், சிறிது நேரம் ஈமான் கொள்வோம் எனக் கூறியதாக இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் நூலில் ஈமான் பற்றிய பகுதியின் தொடக்கத்திலேயே குறித்திருக்கிறார்கள். ஈமான் கூடும், குறையும் என்பதற்கு ஒரு சான்றாக இமாமவர்கள் அதை அங்கே வைத்தார்கள். உள்ளத்தில் ஈமான் நிறைந்திருந்தவரே அதைப் புதுப்பித்துக்கொள்ள உட்கார்ந்தார் என்றால், மற்றவர்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

அவர்கள் சொன்ன சொல்லில் காலமும் அடங்கியிருக்கிறது. சிறிது நேரம்தான். அமர்ந்தவர் எழுந்து மீண்டும் மக்களிடம் போக வேண்டும். உள்ளத்தைப் பார்க்கிறேன் என்று சொல்லிப் பொறுப்பை விட்டு ஓடுவதற்கு இங்கே இடமில்லை.

இன்னொரு ஐயமும் உண்டு. எதற்காக வந்தேன் என்று கேட்கப்போய், வந்த நோக்கமே பிழையாக இருந்தது தெரியவந்தால் என்ன செய்வது? இது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களுக்கு நேர்ந்தது. பக்தாதின் நிழாமிய்யா மதரஸாவில் புகழின் உச்சியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்கள், தம் நிய்யத்தைச் சோதித்துப் பார்த்தபோது, அது அல்லாஹ்வுக்காக மட்டும் இல்லை, பதவியும் பெயரும் அதைத் தூண்டுகின்றன எனக் கண்டார்கள். ‘அல்முன்கித் மினள் ளலால்’ என்னும் நூலில் இதைத் தாமே எழுதியிருக்கிறார்கள். ஹிஜ்ரி 488இல் (கி.பி. 1095) பதவியைத் துறந்து, பிள்ளைகளின் ஜீவனத்திற்கு வேண்டியதை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றச் செல்வத்தைப் பகிர்ந்தளித்து, டமாஸ்கஸ், பைத்துல் முகத்தஸ், ஹிஜாஸ் என்று போனார்கள். மீண்டும் பாடம் சொல்ல நீஷாப்பூருக்கு வந்தது ஹிஜ்ரி 499இல்தான்.

பதினோரு ஆண்டுகள்! இமாமவர்களுக்கு அது கூடியது. மனைவி மக்களையும் ஒப்புக்கொண்ட பொறுப்பையும் சுமந்து நிற்கிற ஒருவரால் அது ஆகுமா? ஆகவேதான் முஆத் (ரலி) அவர்களின் வழி நமக்கு ஏற்றதாகத் தோன்றுகிறது. நாள்தோறும் சிறிது நேரம் கணக்குப் பார்ப்பவரின் பிழை சிறியதாக இருக்கும்போதே தெரிந்துவிடும். நிய்யத்தில் கோளாறு கண்டால் வேலையை விட வேண்டியதில்லை. நிய்யத்தைத் திருத்திக்கொண்டு வேலையைத் தொடரலாம்.

இதற்கு ஸுப்ஹுக்குப் பின் சூரியன் உதிக்கும் வரையுள்ள நேரம் போதும். மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். நேற்று மக்கள் என்னைப் புகழாதிருந்தால் இன்று இதே ஊக்கத்துடன் எழுந்திருப்பேனா? நேற்று மேடையில் நான் சொன்னவற்றில் நானே செய்யாதது எது? ஊரில் யாருடைய ஹக்கை நிலுவையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்?

மூன்றாவது கேள்வி கடினமானது. தம் பொறுப்பில் உள்ளவர்களின் உணவைக் கவனியாமல் விடுவதே ஒருவனுக்குப் பாவமாகப் போதும் என்ற கருத்தில் ஹதீஸ் வந்துள்ளது. கணவர் தீனுக்காகப் போயிருக்கிறார் என்று வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்திற்கும் தனியே திண்டாடும் பெண்ணின் பெருமூச்சு, திரையில்லாத அந்தத் துஆவாக மாறிவிடக் கூடாது. அதே வேளையில், மனமொப்பி அனுப்பிவைத்து வீட்டைக் காத்து நிற்கும் தாய்மார்கள் அந்தப் பணியின் நன்மையில் பங்குடையவர்களே என நாம் நம்புகிறோம். தொலைபேசியில் பேசும்போது அவர்களும் ஒரு வார்த்தை கேட்கலாம்: ‘அங்கே கூட்டம் எப்படி?’ என்பதோடு, ‘தஹஜ்ஜுத்துக்கு எழ முடிகிறதா?’ என்றும்.

முஆத் (ரலி) அவர்கள் யமனுக்குப் புறப்பட்ட நாளில் வாகனத்தில் அமர்ந்திருக்க, நாயகம் (ஸல்) அவர்கள் பக்கத்தில் நடந்தே வந்து வழியனுப்பினார்கள். இவ்வாண்டிற்குப் பின் என்னை நீர் சந்திக்காமல் போகலாம் என்று கூறியதும் முஆத் (ரலி) அழுதுவிட்டார்கள். அப்போது அண்ணலார் மதீனாவின் பக்கம் முகத்தைத் திருப்பி, எனக்கு மிக நெருங்கியவர்கள் இறையச்சமுடையவர்களே, அவர்கள் யாராயினும் எங்கிருந்தாலும் சரி என்று கூறினார்கள். அவ்வாறே அவர்கள் திரும்பி வந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் இவ்வுலகில் இல்லை. ஆயினும் அந்த நெருக்கத்திற்குரிய வழியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டே போயிருந்தார்கள்.

தொலைதூரத்தில் நின்று தீனுக்கு உழைக்கும் நம் சகோதரர்களுக்கு அந்தத் தக்வாவையும், அதைத் தேடி அமரச் சிறிது நேரத்தையும் வல்ல நாயன் அருள்வானாக! அவர்களை அனுப்பிவைத்துக் காத்திருக்கும் வீடுகளில் பரக்கத்தைப் பொழிவானாக! ஆமீன்.