அஹம் என்பதும் அடியேன் என்பதும்

ஸ்ரீ:

மரக்காணத்து உப்பளங்களில் பாடுபடுவோரின் மக்கள் பள்ளியில் ஆங்கிலம் பயிலத் தொடங்குங்கால் முதலில் கற்கும் சொற்களுள் 'ஐ' என்பதும் ஒன்று. நான் என்னும் பொருளுடைய இச்சொல் ஓரெழுத்தாலானது. வாக்கியத்தின் நடுவே வரினும் பேரெழுத்தாகவே எழுதப்பெறும். நீ, அவன், அவள் என்பவற்றிற்கு அம்மொழியில் இம்மரியாதை இல்லை. 1611-ஆம் ஆண்டில் அச்சான புகழ்பெற்ற ஆங்கில விவிலியத்திலும், 'நான்' பேரெழுத்துப் பெற, இறைவனைச் சுட்டும் 'அவர்' சிற்றெழுத்தாகவே நிற்கிறது. இதனை அகந்தை என்று பழிப்பது நியாயமன்று. பண்டு 'இச்' என வழங்கிய சொல் தேய்ந்து ஓரெழுத்தானபின், ஏட்டில் தனித்து நின்றால் கண்ணுக்குத் தப்புமென்று எழுதுவோர் அதனை நீட்டி எழுதினர் என்பர் மொழிநூலார்.

ஆங்கிலத்தில் 'வந்தேன்' என்று மாத்திரம் சொல்ல இயலாது. 'நான்' முன்னே நின்றாக வேண்டும். தமிழிலோ வினையின் ஈற்றில் 'ஏன்' என்னும் விகுதியாக அது அடங்கி நிற்கிறது. அவ்விகுதியையே 'அடி' என்பதனோடு கூட்டி 'அடியேன்' என்று வழங்கினர் நம் பூர்வாசார்யர்கள். ஆகவே அடியேன் என்பவன் நானை ஒழித்தவனல்லன்; அதற்கு உரிய இடத்தைக் கண்டவன்.

இது வெறும் பணிவுரையன்று, சித்தாந்தமே இது. 'நான்' என்னும் உணர்வு முக்தியில் அழிந்தொழியும் என்பாரை மறுத்து, அஹம் எனப்படும் பொருளே ஆத்மா என்றும், உறக்கத்திலும் மோக்ஷத்திலும் அது நிலைநிற்கும் என்றும் ஸ்ரீபாஷ்யத்தில் நிலைநாட்டினார் எம்பெருமானார். நான் அழிவதே மோக்ஷமாயின் அதனை வேண்டி முயல்வார் யார்? உடலை நானென்று மயங்குவதே விலக்கத்தக்க அஹங்காரம். வேண்டியது அஹத்தின் நாசமன்று, அஹத்தின் தெளிவு.

உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவை இரவில் உப்பை நீரிலிடச் செய்து, காலையில் அதனை எடுத்துவரப் பணித்த சரிதம் சாந்தோக்யத்தில் உண்டு. உப்பு கண்ணுக்கு அகப்படவில்லை. மேலும் நடுவும் கீழும் சுவைத்தால் உப்பே. இக்கரையினர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டா. பாத்தியில் கட்டிய நீரில் காணாத உப்பு, வெயிலில் நீர் வற்றியபின் வெளிப்படுவதை அவர்கள் நாடோறும் காண்கின்றனர். அங்ஙனமே நான் என்பதனுள்ளே அந்தர்யாமியாய் எம்பெருமான் உளன். உடலைச் சொல்லும் சொல் உயிரளவும் செல்வதுபோல், நான் என்னும் சொல்லும் அவனளவும் சென்றே முடியும் என்பது உடையவர் திருவுள்ளம்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். வெயிலில் நின்று உப்பு வாருபவன், கூலி கொடுப்பவர் முன் கைகட்டி நின்று 'அடியேன்' என்று சொல்லப் பண்டு பழக்கப்பட்டவனன்றோ? அவனுக்கு இச்சொல் பழைய விலங்காகாதோ? திருமந்த்ரம் இதற்கு விடை வைத்திருக்கிறது. பிரணவத்தில் அகாரம் எம்பெருமானையும், மகாரம் சேதநனையும் சொல்லும். இடையே நிற்கும் உகாரம், இவன் மற்றொருவர்க்கு உரியனல்லன் என்று விலக்குகிறது. பிள்ளை லோகாசார்யர் முமுக்ஷுப்படியில் இதனை விளக்கியருளினார். அடுத்து வரும் நம: என்பதோ, எனக்கும் நான் உரியனல்லேன் என்று முடிக்கிறது. ஆக, அடியேன் என்பது பெருமாள் திருமுன்பே சொல்லத்தக்க சொல். செல்வர் வாசலில் அதனைச் சொல்லுவிப்பது எம்பெருமானுக்கு உரியதைக் கவர்வதாகும். பாகவதர்க்கு அடிமை என்பதோ எம்பெருமானுக்கு அடிமையானதன் எல்லைநிலமாதலின் இதற்கு விரோதமன்று. கைங்கர்யம் ஒன்றும் செய்யாமல், வாய்க்கு வாய் அடியேன் என்று சொல்லிப் பிறரைப் பணியவைப்பாரும் உளர். அவர்கள் வாயில் அது பேரெழுத்திலிட்ட 'ஐ'யே.

நானென்று வாய்விட்டுச் சொல்லத்தக்க இடமும் உண்டு. திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து பெற்ற ரஹஸ்யார்த்தத்தை ஆசையுடையார் அனைவர்க்கும் வெளியிட்டார் ராமாநுஜர் என்று குருபரம்பரை கூறும். ஆசார்யன் ஆணையைக் கடந்தார்க்குப் பலன் யாதென்று நம்பி வினவ, நரகமே என்றார். அறிந்தும் ஏன் செய்தீர் என்றபோது, இத்தனை பேரும் உய்வார்களாயின் நான் ஒருவன் நரகம் புகுதல் நன்றே என்றார். கேட்ட நம்பி அவரை அணைத்துக்கொண்டு, 'எம்பெருமானார்' என்று திருநாமம் சாற்றினார்.